பேலிக்ஸ் விட்டுச்சென்ற கைதி: விசாரணைக் காவலின் கால அளவும் நம் திருமறை விளக்கமும்

அப்போஸ்தலர் நடபடிகள் இருபத்து நான்காம் அதிகாரத்தின் இறுதி வசனம் நம் பிரசங்க பீடங்களில் அரிதாகவே ஒலிக்கின்றது. பேலிக்சின் முன் பவுலடியார் நீதியையும் இச்சையடக்கத்தையும் வரப்போகும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பேசியதை நாம் பிரசங்கிக்கின்றோம். பெஸ்துவின் முன் அவர் இராயனுக்கு அபயமிட்டதையும் பிரசங்கிக்கின்றோம். இவ்விரண்டிற்கும் இடையே ஈராண்டுகள் கடந்தன என்பதையும், அக்காலம் முழுவதும் தீர்ப்பு எதுவும் அளிக்கப்படவில்லை என்பதையும் ஒரு பாலத்தைக் கடப்பதுபோல் கடந்துசெல்கின்றோம். ஆயினும், விசாரணை முடியாத ஒரு மனிதனை எவ்வளவு காலம் சிறையில் வைத்திருக்கலாம் என்னும் வினா இவ்வளவு தெளிவாக எழும் இடம் திருமறையில் அரிது.

இவ்வசனத்திற்கு அளிக்கப்பட்டுவரும் இருவகை விளக்கங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று சட்ட வரலாற்று அறிஞர் அளிப்பது. மற்றொன்று நாமே அருளுரைகளில் அளிப்பது. இரண்டும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து ஒரே பிழையில் சந்திக்கின்றன. நியாயமான காரணமின்றி நீட்டிக்கப்பட்ட காவலுக்கு அவை நியாயமான காரணம் ஒன்றைத் தேடிக் கொடுக்கின்றன. லூக்காவோ அவ்வாறு கொடுக்கவில்லை.

1. லூக்கா கூறும் காரணம்

வழக்கின் நிலையை முதலில் வரிசைப்படுத்திக் காண்போம். எருசலேமில் பவுலைப் பிடித்த சேனாபதியாகிய லீசியா, தேசாதிபதிக்கு எழுதிய நிருபத்திலேயே, மரணத்திற்கோ விலங்குக்கோ ஏதுவான குற்றம் இவரிடம் இல்லை என்று தெரிவித்துவிட்டான் (23:29). தெர்த்துல்லு என்னும் நியாயசாதுரியன் குற்றம் சாட்டினான். பவுல் மறுமொழி கூறுகையில், தம்மைத் தேவாலயத்தில் கண்ட ஆசியா நாட்டு யூதர்களே உண்மையான சாட்சிகள் என்றும், அவர்கள் நீதிமன்றத்திற்கு வரவேயில்லை என்றும் சுட்டிக்காட்டினார் (24:18-19). பேலிக்ஸ், லீசியா வந்தபின் தீர்ப்பதாகக் கூறி வழக்கைத் தள்ளிவைத்தான் (24:22). இங்கு லூக்கா பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல் வழக்கை ஒத்திவைத்தலைக் குறிக்கும் நீதிமன்றச் சொல்லாகும். நம் ஊர் வழக்கில் சொல்வதாயின், பேலிக்ஸ் வாய்தா போட்டான். லீசியா பின்னர் வந்தானா என்பதைப்பற்றி லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. வந்திருந்தாலும் முன்னர் எழுதியதையே அவன் மீண்டும் கூறியிருக்கக்கூடும்.

அப்படியாயின் காவல் ஏன் நீண்டது? லூக்கா இரண்டு காரணங்களை ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றார். முதலாவது, பவுல் தனக்குப் பணம் கொடுப்பார் என்னும் எதிர்பார்ப்பு (24:26). இரண்டாவது, பதவியைவிட்டுப் போகும்போது யூதத் தலைவர்களின் தயவைத் தேடிக்கொள்ளும் விருப்பம் (24:27). பேலிக்ஸ் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றவன். கிலவுதியு இராயனின் நிதி அதிகாரியாகிய பல்லாசின் உடன்பிறந்தான். அவன் பதவி இழந்தபின் செசரியாவின் யூதர்கள் நீரோவினிடம் அவன்மேல் முறையிட்டனர் என்றும், பல்லாசின் செல்வாக்கே அவனைக் காத்தது என்றும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகின்றார். ஆகவே தயவு தேடவேண்டிய அவசியம் அவனுக்கு உண்மையாகவே இருந்தது. அத்தேவைக்குக் கொடுக்கப்பட்ட விலைதான் பவுலின் ஈராண்டுகள்.

மூலமொழி அறிந்த மாணவர் ஈண்டு ஒரு சொல்லைக் கவனித்தல் வேண்டும். ‘தயவு’ என்பதற்கு லூக்கா இங்கு எழுதியுள்ள சொல் ‘காரிஸ்’. பவுலின் நிருபங்களில் நாம் ‘கிருபை’ என்று வாசிக்கும் அதே சொல்! பேலிக்சைப்பற்றி 24:27-இல் கூறியதையே அதே சொற்றொடரால் பெஸ்துவைப்பற்றியும் 25:9-இல் லூக்கா கூறுகின்றார். ஆட்சியாளர் மாறினர், தயவு வாணிகம் மாறவில்லை. தகுதியற்றவனுக்கு இலவசமாக வழங்கப்படும் தேவகிருபையைப் பறைசாற்றியவர், அதிகாரிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட ‘கிருபை’க்குப் பொருளானார். இதனைத் தற்செயலான சொல்லாட்சி என்று தள்ளிவிட முடியாது. தம்மை எவரும் தயவுக்காக ஒப்புக்கொடுக்க முடியாது என்று பவுல் மறுத்துரைக்கும் இடத்திலும் (25:11) அதே வேரிலிருந்து பிறந்த வினையே வருகின்றது.

2. சட்ட அறிஞரின் விளக்கம்

ஈராண்டு என்பதற்கு லூக்கா பயன்படுத்தும் ‘தியேத்தியா’ என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகின்றது. ஒன்று செசரியாக் காவலைக் குறிக்கும் 24:27. மற்றொன்று உரோமாபுரியின் வாடகை வீட்டைக் குறிக்கும் 28:30. இந்த ஒற்றுமை அறிஞர் சிலரைச் சிந்திக்கவைத்தது. குற்றஞ்சாட்டியவர்கள் குறித்த காலத்திற்குள் வராவிடின் கைதி விடுவிக்கப்படவேண்டும் என்னும் விதி உரோமச் சட்டத்தில் இருந்ததோ? உரோமாபுரியில் பவுலின் வழக்கு அவ்வாறு காலாவதியானதோ? நடபடிகள் நூல் குறித்து லேக், கேட்பரி ஆகியோர் வெளியிட்ட விரிவான ஆராய்ச்சி வரிசையின் ஐந்தாம் தொகுதியில் (1933) கேட்பரி இக்கருத்தை எடுத்தாய்கின்றார். பெர்லின் தொகுப்பிலுள்ள ஒரு பாப்பிரசுச் சுவடியில் காணப்படும் கால எல்லைகள் இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன.

உரோம வரலாற்றறிஞர் ஷெர்வின்-ஒயிட், புதிய ஏற்பாட்டில் உரோமச் சமுதாயமும் சட்டமும் பற்றிய தம் நூலில் (1963) இக்கொள்கையை மறுத்தார். அச்சுவடி பவுலின் காலத்திற்குச் சான்றாகாது; குற்றஞ்சாட்டியவர் வாராமையால் கைதி தாமாகவே விடுதலை பெறுவான் என்ற விதி முதல் நூற்றாண்டில் நிலவியதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர் முடிவு. வழக்கைத் தொடுத்துவிட்டுக் கைவிடுவோரைத் தண்டிக்கும் தீர்மானம் ஒன்றை உரோம ஆட்சிமன்றம் கி.பி. 61-இல் நிறைவேற்றியது உண்மையே. ஆனால் குற்றஞ்சாட்டியவனைத் தண்டிப்பது வேறு, குற்றஞ்சாட்டப்பட்டவனைத் திறந்துவிடுவது வேறு. ஈராண்டு என்பது பேலிக்சின் பதவிக்காலத்தைக் குறிக்குமேயன்றிப் பவுலின் காவலைக் குறிக்காது என்று கூறுவோரும் உளர். ஆயினும் இன்று நம் கையிலுள்ள பாடம் அதனைக் கைதியின் கதையில்தான் வைத்திருக்கின்றது.

இவ்விவாதத்தில் ஷெர்வின்-ஒயிட்டின் மறுப்பே வலிமையுடையதாக எனக்குத் தோன்றுகின்றது. அதன் விளைவை நாம் முழுவதும் உணர்தல் வேண்டும். சிறை மனிதரைத் தடுத்துவைப்பதற்கேயன்றித் தண்டிப்பதற்கன்று என்னும் உயரிய கோட்பாட்டைப் பின்னாளில் உல்பியான் என்னும் உரோமச் சட்டமேதை வகுத்தார். ஆனால் தடுத்துவைத்தலுக்கு எல்லை குறிக்கப்படாதவரை, அது தண்டனையாவதைத் தடுப்பது யாது? விசாரணை வேண்டும், சாட்சி முகமுகமாய் நிற்கவேண்டும் என்னும் முறைகளெல்லாம் உரோமரிடம் இருந்தன. பெஸ்துவே அதனைப் பெருமையுடன் கூறுகின்றான் (25:16). நாள் மட்டும் குறிக்கப்படவில்லை. நாள் குறியாத இடத்தில் பேலிக்சுக்கு அநியாயமான தீர்ப்பு எதையும் எழுதவேண்டிய தேவையே எழவில்லை. தீர்ப்பளிக்காமல் இருந்ததே போதுமானதாயிற்று. ஈராண்டிற்கு ஒரு சட்டப்பொருள் தேடுகின்ற அறிஞர், தாம் அறியாமலே, ஒழுங்கற்ற ஒரு செயலுக்கு ஒழுங்கு கற்பித்துவிடுகின்றனர்.

3. பிரசங்க பீடத்தின் விளக்கம்

நம் விளக்கம் வேறுவகையானது. சிறை ஒரு பயிற்சிப்பள்ளி என்கின்றோம். பவுல் செசரியாவில் காத்திருந்தபோதுதான் லூக்காவிற்குத் தம் சுவிசேஷத்திற்கான செய்திகளைத் திரட்டக் காலம் கிடைத்தது என்கின்றோம். யோசேப்பையும் உடன்சேர்த்துக்கொள்கின்றோம். பானபாத்திரக்காரன் அவனை மறந்தபின் அங்கும் இரண்டு ஆண்டுகள் கடந்தன (ஆதி. 41:1). ‘தேவனுடைய வேளை’ என்பதே நம் அருளுரையின் தலைப்பாக அமைகின்றது.

இவ்விளக்கத்தில் உண்மையே இல்லை என்று நான் கூறவில்லை. தமக்கு நேரிட்டவை சுவிசேஷம் பரவுவதற்கு ஏதுவாயின என்று பவுலே கட்டுகளிலிருந்து எழுதுகின்றார் (பிலி. 1:12). யோசேப்பை ஆண்டவருடைய வசனம் புடமிட்டது என்று சங்கீதமும் கூறுகின்றது (சங். 105:19). ஆனால் அதற்கு முந்திய வசனத்திலேயே, அவன் கால்களை வருத்திய விலங்கையும் அச்சங்கீதம் பாடிவைத்திருப்பதை நாம் மறக்கலாகாது. யோசேப்பும் சிறையைப் பள்ளி என்று கருதி அமைதியாக இருந்துவிடவில்லை. தான் களவாய்க் கொண்டுவரப்பட்டவன் என்றும், இங்கு அடைபடத்தக்க யாதொன்றும் செய்யவில்லை என்றும், தன்னைப்பற்றிப் பார்வோனிடம் சொல்லும்படியும் மன்றாடினான் (ஆதி. 40:14-15). ஒரே ஒரு மனிதன் நினைவுகூர்ந்திருந்தால் அந்த ஈராண்டுகள் தேவைப்பட்டிரா. ‘மறந்துவிட்டான்’ என்று திருமறை எழுதிய இடத்தில் ‘தேவன் தாமதித்தார்’ என்று நாம் எழுதுகின்றோம்.

இதில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கைதி தன் விலங்கைக் குறித்து அளிக்கும் சாட்சி அவனுக்கே உரியது. வெளியே இருக்கும் நாம் அதனை அவன் வாயிலிருந்து எடுத்து, விலங்கிட்டவனுக்கு நற்சான்றாக வழங்கும் உரிமை நமக்கு இல்லை. பவுல் தம் கட்டுகளில் மகிழ்ந்தார். அதே பவுல், பெஸ்துவின் முன் நின்று தம் வழக்கிற்குத் தீர்வு கேட்டு இராயனுக்கு அபயமிட்டார். பொறுமையும் முறையீடும் அவரிடம் ஒருங்கே இருந்தன. நாம் ஒன்றை மட்டும் பிரசங்கித்து மற்றொன்றைக் கைவிட்டோம்.

மோசேயின் நியாயப்பிரமாணத்திலும் காவல் உண்டு. தூஷித்தவனும் ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனும், அவர்களுக்குச் செய்யவேண்டியது இன்னதென்று அறிவிக்கப்படும்வரை காவலில் வைக்கப்பட்டனர் (லேவி. 24:12, எண். 15:34). முடிவை நோக்கியதாக மட்டுமே அங்கு காவல் தோன்றுகின்றது. முடிவுக்கு மாற்றாக அது நிற்பதில்லை. பேலிக்சிடம் காவலே முடிவாயிற்று.

4. நம் நாட்டின் சட்டமும் நாட்கணக்கும்

உரோமரிடம் இல்லாத நாட்கணக்கு நம் சட்டத்தில் உண்டு. ஆகவே, நம் நாட்டில் இக்குறை தீர்ந்துவிட்டதா என்று கேட்பது முறையே. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தவேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு கூறுகின்றது. மரணதண்டனை, ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை பெறக்கூடிய குற்றமாயின் 90 நாட்களுக்குள்ளும், ஏனையவற்றில் 60 நாட்களுக்குள்ளும் புலனாய்வு முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிடின், பிணை கொடுக்க முன்வரும் கைதிக்கு விடுதலை பெறும் உரிமை உண்டு. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 167-ஆம் பிரிவில் அமைந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 187-ஆம் பிரிவாகத் தொடர்கின்றது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் இக்காலம் 180 நாட்கள்வரை நீட்டிக்கப்படலாம்.

ஆனால் இவ்வெல்லை புலனாய்வுக்கே உரியது. குற்றப்பத்திரிகை உரிய காலத்தில் வந்துவிட்டால் இக்கணக்கு முடிந்துவிடுகின்றது. காவல்துறைக்கு நாள் குறித்த சட்டம் நீதிமன்றத்திற்கு அவ்வாறு நாள் குறிக்கவில்லை. விரைந்த விசாரணை உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1979-இல், உசைனாரா காத்தூன் வழக்கில் அறிவித்தது. பீகார்ச் சிறைகளில், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் பெறக்கூடிய தண்டனைக்கு மேற்பட்ட காலத்தை விசாரணையின்றியே கழித்தவர்களின் நிலை அவ்வழக்கில் வெளிப்பட்டது. எனினும், விசாரணை இத்தனை ஆண்டுகளுக்குள் முடியவேண்டும் என்று நீதிமன்றமே பொது எல்லை வகுத்தல் இயலாது என்று 2002-இல் எழுவர் கொண்ட அமர்வு முடிவு செய்தது.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும் விதி 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்த விசாரணைக் கைதியைப் பிணையில் விடவேண்டும் என்பது அது. புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அதனை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துள்ளது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. இவற்றை நன்றியுடன் ஏற்போம். ஆயினும் மரணதண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவர் இவ்விதிக்கு வெளியே நிற்கின்றனர். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவரும் அவ்வாறே.

நம் நாட்டின் சிறைகளில் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தெரிவித்தது. நால்வரில் மூவர் தீர்ப்புப் பெறாதவர்கள். இவர்களுள் ஒருசாரார் பிணை மறுக்கப்பட்டவர்கள். வேறு சிலரோ பிணை வழங்கப்பட்டும் ஜாமீன்தாரர் கிடைக்காமையால் உள்ளே இருப்பவர்கள். 1978-இல் ஓர் ஏழைக் கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, உடன்பிறந்தவனின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று அதனையும் மறுத்த நடுவரின் ஆணையை நீதிபதி கிருஷ்ண ஐயர் கடிந்து திருத்தினார். பேலிக்ஸ் எதிர்பார்த்தது சட்டத்திற்குப் புறம்பான பணம். இங்கு கேட்கப்படுவதோ சட்டப்படியான பணம். எனினும் பணமில்லாதவன் உள்ளே இருக்கின்றான் என்னும் விளைவில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டு ஆதிவாசிகளிடையே உழைத்த இயேசு சபைக் குருவாகிய ஸ்டான் சுவாமி, நெடுநாள் விசாரணைக் காவலில் அடைபட்டிருந்த ஆதிவாசி மக்களுக்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தவர். 2020 அக்டோபர் 8-ஆம் நாள், பீமா கோரேகான் வழக்கில், தமது 83-ஆம் வயதில் அவரே கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயால் வருந்திய அவருக்குச் சிறப்பு நீதிமன்றம் பிணை மறுத்தது. 2021 ஜூலை 5-ஆம் நாள், விசாரணை தொடங்குமுன்னரே, காவலில் உள்ளவராகவே மும்பை மருத்துவமனையில் மரித்தார். அவர்மேல் சாட்டப்பட்டது மெய்யா பொய்யா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை. அவருக்கு அளிக்கப்பட்ட ஒரே முடிவு காவலே. அச்சட்டத்தின்கீழும், விசாரணை அளவின்றி நீளுமாயின் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் பிணை வழங்கலாம் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அது ஐந்தாண்டிற்கு மேல் காவலில் இருந்த ஒருவரின் வழக்கில் கூறப்பட்டது. நோயுற்ற முதியவருக்கு ஐந்தாண்டு காத்திருக்கும் காலம் ஏது?

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கைதிகளை விடுவித்தால் சாட்சிகள் அச்சுறுத்தப்படுவர். வன்கொடுமைக்கு ஆளான எளியோர் நீதி பெறார் என்பது அது. இக்கவலை மெய்யானது, அதனைத் திருச்சபை இலேசாகக் கருதலாகாது. ஆனால் பிணை என்பது விடுவிப்புத் தீர்ப்பன்று. மேலும், வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்வதால் பாதிக்கப்பட்டவரும் நீதி பெறுவதில்லை. சாட்சிகள் மரிக்கின்றனர், ஊர்விட்டுப் போகின்றனர், நினைவு மங்குகின்றது. நீண்ட காவல் தண்டனை அளிக்கப்பட்டுவிட்டது என்னும் மயக்கத்தை உண்டாக்கி, தீர்ப்பின் அவசரத்தைத் தணித்துவிடுகின்றது. விரைந்த விசாரணையைக் கேட்பவன் இருதரப்பிற்காகவும் கேட்கின்றான்.

5. திருச்சபை மறந்த கடமை

சிறைக்குச் சென்று பார்த்தலை நாம் இரக்கச்செயல் என்று அறிவோம் (மத். 25:36). கிறிஸ்துமஸ் நாளில் இனிப்பும் துணியும் புதிய ஏற்பாடும் எடுத்துச்செல்கின்றோம், பாடல்கள் பாடுகின்றோம். அவற்றைப் பழித்தல் என் நோக்கமன்று. ஆனால் பழைய திருச்சபைக்கு இதனினும் கடினமான கடமை ஒன்று இருந்தது. நீதிபதிகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கைதிகளை வெளியே வரவழைத்து விசாரிக்கவேண்டும் என்றும், இதனை ஆயர்கள் அவர்களுக்கு நினைவூட்டவேண்டும் என்றும் கி.பி. 409-இல் பேரரசன் ஒனோரியு சட்டம் இயற்றினான். கி.பி. 529-இல் யுஸ்தினியான் காவலுக்குக் கால எல்லைகளையும் வகுத்தான். ஆயர்கள் வாரம் ஒருநாள், புதன் அல்லது வெள்ளிக்கிழமை, சிறைக்குச் சென்று ஒவ்வொருவரும் அடைக்கப்பட்ட காரணத்தைக் கேட்டறியவேண்டும் என்றும் பணித்தான். அரசோடு கைகோத்த அக்காலத் திருச்சபையை நாம் பின்பற்றவேண்டும் என்பதன்று. ஆனால் ஆறுதல் சொல்லவன்றிக் கணக்குக் கேட்கவே ஆயர் சிறைக்குப் போனார் என்பது நினைக்கத்தக்கது.

அக்கணக்கைக் கேட்க நமக்கு எந்தப் பேரரசனின் ஆணையும் தேவையில்லை. எந்த நாளில் கைதானீர்? எந்தப் பிரிவின்கீழ்? குற்றப்பத்திரிகை வந்துவிட்டதா? பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் இன்றி இருக்கின்றீரா? இந்நான்கு வினாக்களையும் ஓர் இறையியல் மாணவர் ஒரு பிற்பகலில் கேட்டு எழுதிவிடலாம். காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. பிணை வழங்கப்பட்டு ஏழு நாட்களில் வெளிவராத கைதியைப்பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் அதற்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பணித்துள்ளது. பாதிக் காலமோ மூன்றில் ஒரு பங்கோ முடிந்தவுடன் நீதிமன்றத்திற்கு எழுதும் பொறுப்பையும் 479-ஆம் பிரிவு கண்காணிப்பாளர்மேல் சுமத்துகின்றது. வாசல்கள் பல உள்ளன. அவற்றைத் தட்டுபவர் குறைவு. பானபாத்திரக்காரனிடம் யோசேப்பு கேட்டதும் இதற்கு மேற்பட்டதன்று.

நடபடிகள் நூல் பவுலின் வழக்கிற்குத் தீர்ப்புக் கூறாமலே முடிகின்றது. செசரியாவில் ஈராண்டு, கடற்பயணம், மெலித்தா தீவில் மூன்று மாதம், உரோமாபுரியில் மேலும் ஈராண்டு. இந்த மனிதன் இராயனுக்கு அபயமிடாதிருந்தால் விடுதலை பெற்றிருக்கலாம் என்று அகிரிப்பா கூறியதே (26:32) நாம் கேட்கும் கடைசி நீதிமன்றச் சொல். இறுதித் தீர்ப்பு என்னவாயிற்று என்று அறிஞர் இன்றளவும் தேடுகின்றனர். அத்தேடல் முறையானதே. ஆயினும், லூக்கா தெளிவாக எழுதிவைத்ததை முதலில் வாசிப்போம். குற்றமில்லை என்று தன் கையிலிருந்த நிருபமே கூறிய ஒருவரை, பணத்திற்காகவும் தயவிற்காகவும் ஈராண்டு அடைத்துவைத்து, அப்படியே விட்டுச்சென்றான் ஓர் அதிகாரி. அடுத்தமுறை அவ்வதிகாரத்தைப் பிரசங்கிக்கும் ஆயர், வரப்போகும் நியாயத்தீர்ப்பைக் கேட்டு நடுங்கிய பேலிக்சோடு நிறுத்திவிடாமல், இருபத்தேழாம் வசனத்தையும் சபைக்கு வாசிப்பாராக. தம் ஊர்ச் சிறைச்சாலையின் வாசலுக்கு அவ்வசனத்தையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச்செல்வாராக.